மலைச்சாலையும் மிகைப்பாரமும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறுகிறது சாலை. மலைவாழ் மக்கள் விளைவிக்கும் மிளகும் காப்பியும் பலாவும் மரவள்ளியும் சந்தை காண்பது சாலையால்தான். நோயுற்றோர் உரிய நேரத்தில் பெருமருத்துவமனை சேர்வதும் அதனால்தான். அச்சாலை உரிய காலத்துக்கு முன்பே சிதையுமாயின், பழி முழுவதையும் மழைமீது சுமத்துவது அறமன்று; வண்டிகளின் மிகைப்பாரத்துக்கும் அதில் பங்குண்டு.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நிகழ்ந்த சாலைச் சோதனை ஓர் உண்மையை நிலைநாட்டியது. அச்சொன்றின் பாரம் இரு மடங்கானால் சாலைக்கு நேரும் சிதைவு ஏறத்தாழ 16 மடங்காகிறது. சாலையைத் தேய்ப்பது வண்டிகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் அச்சுப்பாரமே. நம் நாட்டுத் தார்ச்சாலைகளின் கனத்தையும் பொறியாளர்கள் இக்கணக்கை ஒட்டியே வகுக்கின்றனர்.

நான்கு டயர் பூண்ட ஓர் அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த உச்சவரம்பை நடுவண் அரசு 2018இல் 11.5 டன்னாக உயர்த்தியது. எடையில் கூடியது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. அதே கணக்கின்படி சிதைவில் கூடுவதோ ஐந்தில் மூன்று பங்கு. வரம்புக்குட்பட்ட பாரமே இத்துணை வலிதெனில், வரம்பு மீறிய பாரத்தின் கேட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

மலைச்சாலையில் இக்கேடு பெருகும். கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரங்கள் உருள்வதோடு நில்லாமல் பக்கவாட்டில் அரைபட்டே திரும்புகின்றன. ஏறும்போது இழுவிசையும் இறங்கும்போது தடையின் விசையும் தார்ப்பரப்பைப் பிடித்து உரிக்கின்றன. அதனால் விழும் வெடிப்பில் புகும் மழைநீர் அடித்தளத்தை இளக்கிவிடுகிறது. டயரின் காற்றழுத்தம் மிகுந்தால் மேற்பரப்பு நோகும். அச்சின் பாரம் மிகுந்தால் அடிமண்ணும் நோகும்.

சட்டத்தில் குறையில்லை. மிகைப்பாரத்துக்கு 20,000 ரூபாய் தண்டமும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயும் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் விதிக்கிறது. மிகைச்சரக்கை இறக்காமல் வண்டி நகரவும் கூடாது. தண்டம் பெற்று வண்டியை விட்டுவிடுவது சாலையைக் காவாது. சரக்கை இறக்குவதே காக்கும்.

ஆகவே, மலையேறும் வழிகள்தோறும் அடிவாரத்திலேயே எடை காணுதல் வேண்டும். வளைவுகளுக்கு வலுமிக்க தளமும், சாலையோரம் தூர்வாரிய வடிகாலும் வேண்டும். லாரித் தொழிலால் நாடறிந்தது கொல்லிமலை அமைந்த நாமக்கல் மாவட்டம். சுமையேற்றும் வணிகரும் வண்டி உரிமையாளரும் வரம்பைத் தாமே காத்து நாட்டுக்கு வழிகாட்டுக! ஒருவர் மிகையாய் ஏற்றும் டன்னுக்கு மலைமக்கள் அனைவரும் விலை கொடுத்தல் முறையன்று.