புழுவைக் கழுவி ஊற்றாதீர்கள்

சேரிக்காரர் ஒருவர் பிணமாகக் கிடந்தால் முதலில் தேடப்படுவது கொலைகாரன் அல்ல, ஒரு காரணம். காதல் தோல்வி, குடி, கடன். 2015இல் கோகுல்ராஜின் உடல் ரயில் தண்டவாளத்தில் கிடந்தபோதும் தற்கொலை என்ற கதைதான் முதலில் வந்தது. கொலை என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2022 ஆனது.

இப்படிப்பட்ட வழக்குகள் பலவும் ஒரே கேள்வியில் வந்து முட்டும்: எத்தனை மணிக்கு இறந்தார்? "அப்போது நான் ஊரிலேயே இல்லை" என்று சொல்ல ஆதிக்கச் சாதிக்காரனுக்குப் பத்து சாட்சிகள் கிடைப்பார்கள். நமக்கும் ஒரு சாட்சி உண்டு. ஈ.

பச்சையும் நீலமுமாக மின்னும் இந்த ஈக்கள் பிணவாடையைப் பிடித்துச் சீக்கிரமே வந்துவிடும். கண், மூக்கு, வாய், காயம் என்று ஈரமான இடங்களில் முட்டையிடும். முட்டையும் புழுவும் வளரும் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. புழுவின் வயதைக் கணக்கிட்டால், இறந்து குறைந்தது எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று சொல்லலாம்.

ஆனால் இந்த ஈ பகல் பிராணி. இருட்டில் பெரும்பாலும் முட்டையிடாது. இரவு 9 மணிக்கு வெட்டப்பட்டவர் உடலில் விடிந்த பிறகே முதல் முட்டை விழலாம். இது தெரியாத அதிகாரி "காலையில்தான் இறந்தார்" என்று எழுதினால், இரவில் அரிவாள் எடுத்தவன் தப்பித்துவிடுவான். 'பெரும்பாலும்' என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. 1990இல் சிகாகோவில் கிரீன்பெர்க் இரவிலும் முட்டை விழுவதைப் பதிவு செய்தார். 2008இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், திறந்தவெளியில் இரவில் முட்டை விழவில்லை. ஆகவே இடம், வெளிச்சம், வெப்பம் மூன்றையும் குறிக்காத விசாரணை அரைகுறை விசாரணைதான்.

கனடாவில் 1959இல் 14 வயது ஸ்டீவன் டிரஸ்காட்டுக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். பிறகு அது ஆயுளாகக் குறைந்தது. சிறுமி மாலை 7:45க்குள் இறந்துவிட்டாள் என்றது அரசுத் தரப்பு. அப்படியானால் அன்று பொழுது சாயும் முன்பே ஈ முட்டையிட்டிருக்க வேண்டாமா என்ற கேள்வி மேல்முறையீட்டில் எழுந்தது. நிபுணர்கள் ஒத்துப்போகவில்லை. 2007இல் அவர் விடுவிக்கப்பட்டதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அரை நூற்றாண்டு கழித்தும் அந்த விவாதம் நடக்க முடிந்ததற்குக் காரணம், 1959இல் அந்தப் புழுக்களைச் சேகரித்துக் குறித்து வைத்திருந்ததுதான்.

இங்கே? புழு என்றால் அசிங்கம், கழுவி ஊற்று. கழுவச் சொல்கிறவர் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்பார். கழுவுகிற கை பெரும்பாலும் நம் கை. பிணத்தைத் தீட்டு என்று நம் தலையில் கட்டிய அதே சாதிப் புத்திதான் இன்று தடயத்தையும் சாக்கடையில் விடுகிறது.

7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு. நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசமாம். அதுவரை நம் பிணங்கள் காத்திருக்குமா?

சட்டமும் விலங்கியலும் படிக்கும் தோழர்களே, நீங்கள் உடலைத் தொட வேண்டாம். எழுத்தில் கேளுங்கள். முட்டையும் புழுவும் எடுத்தீர்களா? பாதியை ஆல்கஹாலிலும் பாதியை உயிரோடும் வைத்தீர்களா? அந்த இடத்தின் வெப்பநிலை எங்கே? பதில் இல்லையென்றால், அந்த மௌனத்தையே நீதிமன்றத்தில் முதல் கேள்வியாக வைப்போம்.