மோவரைக் குறை சொல்லுமுன் கவிழ்த்துப் பாருங்கள்

ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம். கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஜூன் பிறந்து நாலு மழை விழுந்ததும் எங்கள் கடக்வாஸ்லா பக்கத்து ஹவுசிங் சொசைட்டிகளில் ஒரு சண்டை ஆரம்பிக்கும். பார்க்கிங், நாய், தண்ணீர் டேங்கர் எல்லாம் வருஷம் பூரா நடக்கிற சண்டை, அதைச் சொல்லவில்லை. இது மழைக்கால ஸ்பெஷல். "லான் மோவர் மறுபடி படுத்துடுச்சு!" உடனே கமிட்டியில் இரண்டு கட்சி. ஒன்று, "மெஷின் மட்டம், புதுசு வாங்கு." இன்னொன்று, "மாமா சோம்பேறி, ஆளை மாத்து."

(புனேயில் தோட்டக்காரர், வாட்ச்மேன் எல்லோரையும் 'மாமா' அல்லது 'காகா' என்றுதான் கூப்பிடுவார்கள். தாய்மாமன் சீரெல்லாம் எதிர்பார்க்காதீர்கள் :-))

நான் மூன்றாவது கட்சி. மெஷினும் மட்டமில்லை, மாமாவும் சோம்பேறி இல்லை. கோளாறு, புல் வெட்டச் சொல்லி உத்தரவு போடுகிற இடத்தில் இருக்கிறது.

மோவரைக் கவிழ்த்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பிளேடை மூடிக்கொண்டு கவிழ்த்த வாணலி மாதிரி ஒரு உறை இருக்கும். அதற்குப் பெயர் டெக். பிளேடின் பின்விளிம்பு கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருக்கும். சுற்றும்போது அது காற்றாடி வேலை பார்க்கும். படுத்திருக்கிற புல்லைக் காற்றால் நிமிர்த்தி, வெட்டி, வெட்டிய துண்டுகளைப் பக்கவாட்டு வாய் வழியாகவோ பின்னால் இருக்கிற பைக்குள்ளோ தள்ளும். ஆக, இந்த மெஷினுக்குப் பிளேடு எவ்வளவு முக்கியமோ அதே அளவு டெக்குக்குள் இருக்கிற காலி இடமும் முக்கியம். காற்று ஓட இடம் வேண்டும்.

ஈரப் புல்லை வெட்டினால் என்ன ஆகும்? துண்டுகள் கனமாக இருக்கும், சாறு பிசுபிசுக்கும், பறக்காமல் டெக்கில் அப்பிக்கொள்ளும். ஒரு அடுக்கு அப்பினால் காற்றுக்கு இடம் குறையும். காற்று குறைந்தால் அடுத்த துண்டுகள் வெளியே போகாமல் உள்ளேயே சுற்றி, திரும்பத் திரும்ப வெட்டுப்பட்டு, துவையலாகி இன்னும் அப்பும். வங்கிக்காரன் பாஷையில் சொன்னால் இது கூட்டு வட்டி. முதல் வாரம் கண்ணுக்கே தெரியாது. ஆறாவது வாரம் அசலை விட வட்டி பெரிதாக நிற்கும்.

எங்கள் ஊரில் இருந்துகொண்டு இது புரியவில்லை என்றால் அது அநியாயம். 1916-ல் தொடங்கிய மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையம் இதே கடக்வாஸ்லாவில்தான் இருக்கிறது. ஆறு, அணை, துறைமுகங்களின் மாதிரிகளைக் கட்டி நீரோட்டத்தை ஆராய்கிறார்கள். ஓட்டம் எங்கே வேகம் குறைகிறதோ அங்கே வண்டல் படியும், படிந்த வண்டல் ஓட்டத்தை இன்னும் தடுக்கும். ஆற்றில் வண்டல், டெக்கில் புல். கணக்கு ஒன்றுதான்.

அப்புறம் அந்தச் சாறு சும்மா இருக்காது. இரும்புத் தகடு டெக்காக இருந்தால், ஈரப் புல் ஒட்டியே கிடக்கும் இடத்தில் பெயின்ட் உரிந்து துரு ஏறும். நாளடைவில் ஓட்டை விழும். அலுமினியமோ பிளாஸ்டிக்கோ என்றால் அப்படித் துருப்பிடிக்காது, ஆனால் அப்புவது அப்பும். எஞ்சின் திணறும், சூடாகும். புல் ஒரு இடத்தில் மொட்டை, ஒரு இடத்தில் குடுமி. அதைப் பார்த்துவிட்டுத்தான் "மாமாவுக்கு வெட்டத் தெரியலை" என்று தீர்ப்பு.

சரி, ஏன் ஈரத்தில் வெட்டுகிறார்? அவருக்கு ஆசையா என்ன? "சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு லான் வெட்டியிருக்கணும், ஞாயிற்றுக்கிழமை குழந்தைகள் விளையாடணும்" என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். ஜூலை மாதத்து கடக்வாஸ்லாவில் காலை ஏழு மணி! மேற்குத் தொடர்ச்சி மலை பக்கத்திலேயே இருக்கிறது. ராத்திரி பூரா மழை, விடிந்தால் மூடுபனி, புல்லைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வரும். அந்த நேரத்துக்கு மோவரை ஓட்டச் சொல்வது, துணியைத் தண்ணீரில் முக்கிவிட்டு உடனே இஸ்திரி போடச் சொல்வது மாதிரி.

மராத்தியில் 'உகடீப்' என்று ஒரு அழகான சொல் இருக்கிறது. மழை விட்டு வானம் வெளுக்கிற இடைவெளி. விவசாயிகள் அதற்காகக் காத்திருந்துதான் வயலில் களையெடுப்பார்கள். சொசைட்டி கமிட்டிக்கு மட்டும் வானம் சனிக்கிழமை ஏழு மணிக்கு வெளுத்தாக வேண்டும்! உகடீப் கிடைக்கிற நாளில், மதியத்துக்கு மேல், புல்லின் மேல் கை வைத்தால் ஈரம் ஒட்டாத நேரத்தில் வெட்டச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்கு நம்ம வீட்டு கிரைண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். இட்லிக்கு மாவு அரைத்ததும் என்ன செய்வோம்? கையோடு கழுவி வைப்போம். அப்படியே விட்டு மறுநாள் பார்த்தால் மாவு காய்ந்து சிமென்ட் மாதிரி நிற்கும். அதற்காக எந்த வீட்டிலும் கிரைண்டர் கம்பெனியைத் திட்டியதில்லை. டெக்கில் ஒட்டிய புல்லும் அதே ஜாதிதான். வெட்டி முடித்ததும் சுரண்டினால் கையோடு வரும். இரண்டு நாள் கழித்து என்றால் உளி வேண்டும்.

இதற்கு எவ்வளவு நேரம்? தாராளமாக 20 நிமிடம் வைப்போம். ஜூன் முதல் செப்டம்பர் வரை சுமார் 17 வாரம், வாரம் ஒரு வெட்டு. 17 x 20 = 340 நிமிடம். அதாவது 5 மணி 40 நிமிடம். ஒரு மழைக்காலம் முழுவதற்குமான சுத்தம், ஒரு ஆளின் ஒரு நாள் வேலைகூட இல்லை. இந்த ஒரு நாள் கூலியைக் கொடுக்க மனசு வராத பொதுக்குழு, புது மோவருக்குக் கையைத் தூக்கி ஓட்டுப் போடுகிறது. பி.காம். முதல் வருஷத்திலேயே மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று இரண்டு பாடம் நடத்துவார்கள். புது மெஷின் வாங்கினால் பெருமை, போட்டோ எடுக்கலாம். சுரண்டுவதற்குக் கூலி கொடுத்தால் யாருக்கும் தெரியாது. அவ்வளவுதான் விஷயம்.

மாமாவுக்குக் கொடுக்கிற நேரம் வெட்டுவதற்கு மட்டும்தான். ஒரு சொசைட்டி முடித்ததும் அடுத்த சொசைட்டிக்கு ஓடுகிறார். சுத்தம் செய்யும் நேரத்துக்குக் காசு தராமல் "சுத்தமா வெச்சுக்க மாட்டேங்கறான்" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு கூட்டம் இருக்கிறது, ஸ்பிரே கூட்டம். "சிலிக்கான் அடி, ஒட்டவே ஒட்டாது." அடிக்கலாம், தப்பில்லை. சுத்தமாகக் காய்ந்த டெக்கில் அடித்தால் சில வெட்டு தாங்கும், சுரண்டுவது சுலபமாகும். ஆனால் ஏற்கெனவே அப்பியிருக்கிற புல் மேல் அடிப்பது, குளிக்காமல் சென்ட் போடுகிற கதை. ஈரப் புல்லை எந்த ஸ்பிரேயும் காய்ந்த புல்லாக்காது. சிலர் பழைய எஞ்சின் ஆயிலைத் தடவச் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது புல்லில் சொட்டினால் புல் கருகும், மழையில் கரைந்து ஓடினால் மண்ணையும் தண்ணீரையும் கெடுக்கும். கடக்வாஸ்லாவில் உட்கார்ந்துகொண்டு தண்ணீரில் ஆயில் கலக்கலாமா? புனே குடிக்கிற தண்ணீர் இந்த ஏரித் தண்ணீர்தான்.

நியூஜெர்சி, சிட்னி மச்சான்களே, சிரிக்காதீர்கள். "இந்தியாவில மெயின்டனன்ஸ் கிடையாது" என்று ஆரம்பிக்க வேண்டாம். மழை பெய்தாலும் வார இறுதியில்தான் நேரம், புல் வளர்ந்தால் அசோசியேஷன் கடிதம் அனுப்பும் என்று ஈரத்தோடு ஓட்டுவது அங்கேயும் நடக்கிறது. இங்கே நோட்டீஸ் போர்டு, அங்கே கடிதம். டெக்குக்கு பாஸ்போர்ட் தெரியாது.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடத்துக்கு வருகிறேன். மெஷின் போனால் போகட்டும்.

அடைத்துக்கொண்டதும் என்ன நடக்கிறது? நேரமில்லை. மோவரை ஒரு பக்கம் சாய்த்து, கையை உள்ளே விட்டுப் புல்லைப் பிடுங்குகிறார்கள். 21 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று அர்த்தம். அணைத்த பிறகும் உடனே நிற்காது. அமெரிக்காவில் 1982-ல் இதற்கென்றே விதி கொண்டுவந்தார்கள்: தள்ளிக்கொண்டு போகிற மோவரில் கைப்பிடியை விட்டால் 3 விநாடிக்குள் பிளேடு நிற்க வேண்டும். அந்தப் பிடியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்து ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேலை சீக்கிரம் முடிய வேண்டுமாம்.

நின்றுபோன பிளேடும் நம்பத்தக்கதல்ல. பெட்ரோல் மோவர்களில் பிளேடு பெரும்பாலும் எஞ்சினின் தண்டிலேயே மாட்டியிருக்கும். அடைப்பை எடுக்கும்போது கையால் பிளேடைத் திருப்பினால் எஞ்சினும் சேர்ந்து திரும்பும். ஸ்பார்க் பிளக் வயர் மாட்டியிருந்தால், அது ஒரு தடவை உதைத்தாலும் போதும். மெஷினுக்குத் தேய்மானம் எழுதலாம். விரலுக்கு எந்தப் பத்தியில் எழுதுவது?

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா பொழுது போகாமல் "நான் வெட்டறேன்பா" என்று மோவரை எடுப்பார். அரிவாள் பிடித்த கை, பயமிருக்காது. அவருக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஸ்டார்ட் செய்வதை அல்ல, பிளக் வயரைக் கழற்றுவதை.

ஆகவே என் கோரிக்கைகள். கமிட்டிக்காரர்கள் பிரின்ட் எடுத்து அதே நோட்டீஸ் போர்டில் ஒட்டிக்கொள்ளலாம்:

1. வெட்டுகிற நாளை காலண்டர் சொல்லக் கூடாது, வானம் சொல்லட்டும். முடிவு மாமாவுடையது.

2. ஒரே வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கச் சொல்லாதீர்கள். 6 அங்குலம் வளர்ந்திருந்தால் முதலில் 4 அங்குலத்துக்கு, சில நாள் கழித்து 3 அங்குலத்துக்கு. உயரமான புல்லில் பிளேடின் பாதி அகலத்துக்கு மட்டும் புல் கொடுத்து, எஞ்சினை முழு வேகத்தில் வைத்து, மெதுவாக நடக்க வேண்டும். அவசரப்படுத்தினால் அடைக்கும்.

3. பிளேடைக் கூராக வைக்கக் காசு ஒதுக்குங்கள். மொட்டை பிளேடு புல்லை வெட்டாது, கிழிக்கும். கிழிந்த புல் இன்னும் ஒட்டும்.

4. வேலை முடிந்ததும் சுத்தம், அதற்கும் கூலி. எஞ்சின் அணைந்து பிளேடு நின்ற பிறகு பிளக் வயரைக் கழற்ற வேண்டும். மின்சார மோவர் என்றால் சுவரிலிருந்தே பிளக்கைப் பிடுங்க வேண்டும், பேட்டரி மோவர் என்றால் பேட்டரியை எடுக்க வேண்டும். பெட்ரோல் குறைவாக இருக்கும்போது, ஏர் ஃபில்டர் மேல்பக்கம் வரும்படி சாய்க்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் ஆயில் ஃபில்டருக்குள் இறங்கி, அடுத்த தடவை வெள்ளைப் புகை கக்கும். மரக்கட்டையோ பிளாஸ்டிக் சுரண்டியோ போதும், இரும்பு பெயின்ட்டை உரிக்கும். மின்சார மோவரில் ஹோஸ் பைப்பைக் காட்டவே கூடாது. பெட்ரோல் மோவரில் தண்ணீர் விட்டாலும் காயவைத்துத்தான் ஷெட்டில் ஏற்ற வேண்டும்.

5. கெட்டியான கையுறையும் ஷூவும் சொசைட்டி செலவில். ரப்பர் செருப்போடு மோவர் தள்ளுகிற காட்சியை இனி எந்த மொட்டை மாடியிலிருந்தும் யாரும் ரசிக்க வேண்டாம்.

இதெல்லாம் முடியாது என்கிற சின்ன சொசைட்டிகளுக்கு ஒரு மாற்று. 1830-ல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் கண்டுபிடித்த முதல் மோவர் உருளை வகை. கத்தரிக்கோல் மாதிரி வெட்டும், டெக்கே கிடையாது, அதனால் டெக் அடைப்பும் கிடையாது. கையால் தள்ளுகிற உருளை மோவர் இன்றைக்கும் கிடைக்கிறது. உயரமான புல்லில் திணறும் என்பதால் அடிக்கடி வெட்ட வேண்டியிருக்கும். சிறிய புல்வெளிக்கு அது தாராளம்.

தசராவுக்கு முதல் நாள் இங்கே 'கண்டே நவமி'. நம்ம ஆயுத பூஜை மாதிரிதான், கருவிகளுக்குப் பூஜை. மோவருக்கும் மாலை போட்டுக் குங்குமம் வைப்பார்கள், டெக்கின் மேல்பக்கத்தில். இந்த வருஷம் குங்குமத்தைக் கையில் எடுப்பதற்கு முன் பிளக் வயரைக் கழற்றி, மெஷினைச் சாய்த்து, அடிப்பக்கத்தைப் பாருங்கள். நாலு மாதத்துப் புல் அங்கே இருந்தால், பூஜையை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து மாமாவின் அந்த ஒரு மணி நேரத்துக்கும் சம்பளம் கொடுங்கள்.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை, கணக்குப் பார்ப்பவன். மெஷினோடு வந்த கையேடு எங்காவது டிராயரில் தூங்கிக்கொண்டிருக்கும். எந்தப் பக்கம் சாய்ப்பது என்று அதில் படம் போட்டிருப்பார்கள். அதை எடுத்து, மாமாவுக்குப் புரிகிற பாஷையில் யாராவது படித்துச் சொல்லுங்கள்.