ராத்திரி 11 மணிக்கும் சுவர் சுடுதே, ஏன்?

பகலெல்லாம் வாங்கிய வெயிலை, திருவொற்றியூரின் மொட்டைமாடித் தளங்கள் ராத்திரியில்தான் வீட்டுக்குள் இறக்குகின்றன. இதற்குத் தீர்வாக, வெப்பத்தைச் சேமிக்கும் மெழுகு கலந்த பலகைகள் பேசப்படுகின்றன. மெழுகு உருகும்போது அறை வெப்பத்தை உறிஞ்சும். ஏசி குறைவாக ஓடும். சரிதான், ஆனால் மறுநாள் வேலை செய்ய அது இரவில் மறுபடி உறையணுமே! 25 டிகிரியில் உருகும் ரகம், 28 டிகிரியைச் சுற்றியே நிற்கும் சென்னையின் மே மாத இரவில் எப்படி உறையும்? 30-ல் உருகும் ரகம் என்றால், அதற்குள் அறையே வெந்திருக்கும்.

எண்ணூர், ராயபுரத்துக்கு முதல் செலவு மாடியில் வெள்ளைப் பூச்சுதான். வெயிலை உள்ளே விடாமலே திருப்பி அனுப்பிடும். சிக்கல் வேறு: மாடி ஓனருடையது, கரன்ட் பில் வாடகைக்காரருடையது. பள்ளிக் கூரைகளுக்கு இந்தப் பூச்சை அடிக்கும் தமிழக அரசு, வாடகை வீடுகளுக்கும் மானியம் தரணும்.