முதலையை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள்



மெல்பேர்ன், சிட்னியில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் நமதூரில் இப்போது அதிகம். வசதியிருந்தால் வடக்கே டார்வினுக்கும் ஒரு பயணம் போங்கள். அங்கிருந்து சில மணி நேர ஓட்டத்தில் கக்காடு தேசிய பூங்கா இருக்கிறது. பரப்பு சுமார் 20,000 சதுர கிலோமீற்றர், அதாவது நம் நாட்டில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவு.

அங்கே யெல்லோ வாட்டர் என்ற சதுப்பு நிலத்தில் நாமும் படகில் போனோம். உவர்நீர் முதலைகள், கூட்டம் கூட்டமாக வாத்துகள், அல்லி இலைமேல் நடக்கும் இலைக்கோழி, நம் நாட்டிலும் உள்ள வெண்வயிற்றுக் கடற்கழுகு. மாஷா அல்லாஹ், கண்கொள்ளாக் காட்சி.

ஆனால் "முதலை பார்த்தாச்சு" என்று திரும்பிவிடுவது சரியல்ல என்பதே எமது கருத்து. பக்கத்திலேயே வராஜான் என்ற பண்பாட்டு நிலையம் உண்டு. அந்த மண்ணின் சொந்தக்காரர்களான பினிஞ், முங்குய் மக்களின் கதை அங்கே இருக்கிறது. வெளியார் மழைக்காலம், வரட்சிக்காலம் என்று இரண்டைச் சொல்ல, அவர்கள் வருடத்தை ஆறு பருவங்களாகப் பிரிக்கிறார்கள். ஈரம் முழுதாகக் காயுமுன்னே அங்குமிங்கும் சிறு தீ வைத்து, பின்னால் பெருந்தீ வராமல் தடுக்கிறார்கள். நாம் ரசிக்கும் காடும் பறவையும் இந்த அறிவால் காக்கப்பட்டவை.

போராடியும் காத்திருக்கிறார்கள். பூங்காவால் சூழப்பட்ட ஜபிலுக்காவில் யுரேனியம் அகழ முயன்றபோது, 1998 இல் மிரார் மக்கள் மாதக்கணக்கில் மறியலுக்குத் தலைமை தாங்கினார்கள். அந்தச் சுரங்கம் இன்றுவரை உற்பத்திக்கு வரவில்லை. பூங்காவின் நிர்வாக சபையிலும் பெரும்பான்மை அவர்களே.

நமக்கு இன்னொரு செய்தியும் உண்டு. சுலாவெசித் தீவின் மக்காஸர் முஸ்லிம்கள் கடலட்டை தேடி இந்த வடகரைக்கு 1907 வரை வருடாவருடம் வந்தவர்கள். கூடித் தொழில் செய்தார்கள், பண்டம் மாற்றினார்கள். வெள்ளையரைக் குறிக்க பினிஞ் மக்கள் சொல்லும் 'பலண்டா' என்ற சொல்லே அவர்கள் வழியாக வந்ததுதான். 'ஹொலண்டர்' என்பதன் திரிபு.

எனவே அவர்களைக் காட்சிப்பொருளாகப் பார்க்க வேண்டாம். அனுமதி கேட்டுப் படமெடுங்கள். மூடிய இடத்துக்குள் நுழையாதீர்கள். ஊருக்கு வந்து பேரப்பிள்ளைகளுக்கு முதலைப் படம் காட்டும்போது, அந்த மண் யாருடையது என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.