சேப்பாக்க மாளிகையில் தமிழ் எங்கே?

கிண்டிப் பொறியியற் கல்லூரியின் செந்நிறக் கட்டடத்தைக் கண்டு பெருமிதங் கொள்ளும் இளைஞருள் எத்துணைப் பேர், அக்கல்லூரி கிண்டியில் தோன்றியதன்று என்பதை அறிவர்? 1794-இல் நிலவளவைப் பள்ளியாகத் தொடங்கி, பின்னர்ப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்த அந்நிறுவனம், 1920-இல் கிண்டிக்குக் குடிபெயருமுன், சேப்பாக்கத்தில் ஆர்க்காட்டு நவாபு வாழ்ந்த அரண்மனையின் கலச மகாலில் நடந்துவந்தது. மன்னன் வாழ்ந்த கூடங்களிலே கட்டடக்கலை கற்பிக்கப்பட்டது. எம்மொழியில் என்று கேட்க வேண்டுவதில்லை.

கிண்டியினின்று புறப்பட்டுக் கடற்கரைச் சாலை வழியே அம்மாளிகையைக் காணச் செல்வோர்க்கு முதலிற் கண்ணிற் படுவன வளைவுகளும், குவிமாடங்களும், ஒடுங்கி உயர்ந்த தூபிகளுமே. இசுலாமியக் கட்டடக்கலையின் சாயல் அவற்றில் தெளிவாகத் தெரிகிறது. உமாயூன் மகால், கலச மகால் என்னும் இரு பகுதிகளும், அவற்றுக்கிடையே வெள்ளையர் ஆட்சியில் சிசோம் என்னும் கட்டடக்கலைஞன் எழுப்பிய கோபுரமும் சேர்ந்ததே இன்று எஞ்சியுள்ள மாளிகை. பிற்காலத்து வெள்ளையர் 'இந்தோ சாரசெனிக்கு' என்று பெயரிட்டழைத்த கட்டடப் பாங்கிற்கு இந்தியாவில் இதுவே முதல் எடுத்துக்காட்டு என்று வரலாற்றார் பலர் கூறுவர். அரண்மனை வளாகம் ஒருகாலத்தில் 117 ஏக்கர் பரப்பிற் சோலையும் திடலுமாய்க் கூவம் ஆறுவரை விரிந்து கிடந்தது. சோலை போயிற்று. மட்டைப்பந்துத் திடலும், பல்கலைக்கழகமும், அரசு அலுவலகங்களும் அவ்விடத்தை நிரப்பிக் கொண்டன. அரண்மனையே அலுவலகமாகிவிட்டமையால், வெளியே நின்று காண்பதே பெரும்பாலோர்க்கு வாய்க்கிறது.

நிற்பவர் வளைவுகளின் அழகை மட்டும் பார்த்துத் திரும்புவரேல், பாதியைத்தான் பார்த்தவராவர். மறுபாதி கணக்கேட்டில் இருக்கிறது.

1764-இல் தொடங்கி 1768-இல் முடிந்த இம்மாளிகையைக் கட்டுவித்தவன் முகம்மது அலி வாலாசா. கட்டித் தந்தவன் பால் பென்பீல்டு என்னும் வெள்ளையன் என்பர். ஆர்க்காட்டை விட்டுச் சென்னைக் கோட்டையின் பீரங்கி நிழலில் வாழ விழைந்த நவாபு, கும்பினியார்க்கும் அவர்தம் ஊழியர்க்கும் கொடுத்த கடன்முறிகள் மலையெனக் குவிந்தன. ஈடாக அவன் எழுதித் தந்தது எது? தன் கைப்பொருளையா? இல்லை, வடார்க்காட்டிலும் நெல்லையிலும் உழுதவன் செலுத்தும் வரியை! கடன் கொடுத்தவன் கோட்டைக்குள் இருந்தான். கடன் பட்டவன் மாளிகைக்குள் இருந்தான். கடனைத் தீர்த்தவனோ களத்துமேட்டில் நின்றான்.

வரி தர மறுத்த பாளையங்களின்மேல் நவாபின் படையும் கும்பினிப் படையும் ஒருங்கே பாய்ந்தன. 1772-இல் காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் வீழ்ந்தது அக்கூட்டுப் படையின் தாக்குதலில்தான். அடுத்த ஆண்டே தஞ்சை பறிக்கப்பட்டது. ஆங்கு ஆண்டவன் மராட்டியனேயாயினும் விளைந்த நெல் தமிழ் உழவனுடையது. 1776-இல் தஞ்சை மீண்டும் அதன் அரசனிடம் ஒப்படைக்கப்பட்டபோது, அந்நாட்டு வருவாய்மேலும் விளைச்சல்மேலும் தனக்கு உரிமையுண்டென்று வழக்கெழுப்பினான் பென்பீல்டு. அப்பூசலின் முடிவு வியப்பானது. சென்னை ஆளுநன் பிகாட்டையே அவனுடைய அவையினர் 1776 ஆகத்தில் சிறைப்பிடித்துக் கிண்டியை அடுத்த பரங்கிமலையில் அடைத்து வைத்தனர். காவலில் இருந்தபடியே 1777-இல் அவன் மாண்டான். 1785-இல் எட்மண்டு பர்க்கு என்பார் இலண்டன் பாராளுமன்றத்தில் இந்நவாபுக் கடன்களின் நாற்றத்தை எடுத்துரைத்து நெடிய உரையாற்றினார். சேப்பாக்கத்துக் கணக்கு இலண்டன்வரை நாறியது. கணக்கின் சுமையோ காவிரிக் கரையிலும் பொருநைக் கரையிலும் இருந்தது.

1801-இல் கருநாடக ஆட்சி முழுமையும் கும்பினியின் கைக்குப் போயிற்று. 1855-இல் நவாபுப் பட்டமும் ஒழிக்கப்பட்டது. மாளிகையை அரசே எடுத்துக்கொண்டது. வழிவந்தோர்க்கு 1867-இல் ஆர்க்காட்டு இளவரசர் என்னும் பட்டம் கிடைத்தது. இராயப்பேட்டை அமீர் மகால் அவர்களின் உறைவிடமாயிற்று.

இவற்றையெல்லாம் எடுத்துக் காட்டுவது ஒரு சமயத்தைப் பழிப்பதற்கென்று எவரும் திரித்துரைக்க வேண்டா. சமயம் வேறு, அரசு வேறு. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் தமிழ்ப் புலவர். கீழக்கரைப் பழம் பள்ளிவாசலின் கல்தூண்களிற் காண்பது தமிழ்ச் சிற்பியின் உளி. வளைவும் குவிமாடமும் அயலிலிருந்து வந்தன என்பதனாலேயே அயலன ஆகிவிடா. கையாளும் கை தமிழ்க்கையாயின், கலையும் தமிழர்க்கு உரியதே. குற்றம் வளைவில் இல்லை. அவ்வளைவைக் கட்டிய கையை மறந்ததிலே இருக்கிறது.

அக்கை எது? சேப்பாக்க மாளிகையைப் பற்றி எழுதுவோர் நவாபின் பெயரைச் சொல்வர்; பென்பீல்டைச் சொல்வர்; சிசோமைச் சொல்வர். சுண்ணாம்பை நீற்றிக் குழைத்த சித்தாளின் பெயரையோ, தூக்குக் குண்டு பிடித்துச் சுவரை நிறுத்திய கொத்தனின் பெயரையோ சொல்லுவார் இலர். பெயர்தான் போயிற்று, சொல்லுமா போக வேண்டும்? கடைக்கால், கரணை, மட்டப்பலகை, மூலைமட்டம், காரை, தட்டோடு, விட்டம், உத்திரம், தாழ்வாரம் என்று கொத்தர் வாயில் வழங்கும் சொற்கள் எத்தனை எத்தனை! இவையெல்லாம் எந்த அகராதிக் குழுவும் உட்கார்ந்து ஆக்கியவை அல்ல. வேலை செய்த கைகள் ஆக்கியவை. (மேத்திரி என்னும் சொல் மட்டும் போர்த்துகீசியன் விட்டுச் சென்றது. மேற்பார்க்க வந்தவன் அயற்சொல்லாகவும் வேலை செய்தவன் தமிழ்ச்சொல்லாகவும் இருப்பதில் வியப்பில்லை.) இத்துணைச் சொல்வளம் வாசலில் நிற்க, உள்ளே கலச மகாலில் அதே கட்டடக்கலையை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தனர் மாணவர். சுவரைக் கட்டியவன் மொழி சுவருக்குள் நுழையவில்லை.

கிண்டிக்குப் போன பின்னும் நிலை மாறவில்லை. 1920-இற்குப் பின் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2010-இல்தான் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியது. அதுவும் நிலைத்த இடத்தில் நிற்கவில்லை. 2023-இல் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அத்தமிழ் வகுப்புகளை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்த பின்னரே அது கைவிடப்பட்டது. வேலை தமிழ்வழியினர்க்கு எங்கே கிடைக்கும் என்று கேட்போர் உளர். நேர்மையான கேள்விதான். ஆயினும் அதற்கு விடை வகுப்பை மூடுவதன்று; அரசின் பொதுப்பணித் துறை வேலைகளைத் தமிழில் நடத்துவது. மதிப்பீடும் வரைபடக் குறிப்பும் ஒப்பந்தமும் ஆங்கிலத்திலேயே இருக்கும்வரை தமிழ் படித்த பொறியாளன் வாசலிலேதான் நிற்பான்.

மாளிகையின் இன்றைய நிலையும் இதே கதைதான். 2012 சனவரியில் கலச மகாலில் தீப்பற்றிக் கூரை வீழ்ந்தது. தீயணைப்பு அலுவலர் ஒருவர் அத்தீயில் உயிர் நீத்தார். பின்னர் அக்கட்டடம் பழைய முறைப்படியே செப்பனிடப்பட்டது. சிமெண்டு அறியாச் சுவருக்குச் சுண்ணச் சாந்துதான் ஒத்துவரும். அதனை ஊறவைத்து அரைக்கும் பக்குவம் பொறியியல் நூலில் இல்லை, கொத்தர் மரபில்தான் இருக்கிறது. ஆக, நெருக்கடியில் மாளிகையைக் காத்தது மீண்டும் அந்தப் பெயரில்லாக் கைதான். காத்து முடித்ததும் உள்ளே வந்து அமர்ந்தது எது? தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம். அதன் நடவடிக்கை மொழி ஆங்கிலம். தமிழகத்து ஏரிக்கும் ஆற்றுக்கும் கழிவுநீர்க்குமான வழக்கைத் தமிழுழவன் தன் மொழியில் உரைக்க அங்கு வழியில்லை. நவாபு காலத்தில் பாரசீகம், வெள்ளையன் காலத்தில் ஆங்கிலம், இன்றும் ஆங்கிலம். இரண்டரை நூற்றாண்டாய் அந்தக் கூடம் தமிழை உட்கார வைத்ததில்லை.

பெரிய கோரிக்கைகள் பல இருக்க, உடனே செய்யக்கூடிய ஒன்றுண்டு. பழங்கட்டடங்களைச் செப்பனிட்ட கொத்தர் இன்னும் வாழ்கின்றனர். அவருட் பலர் முதியோர். கிண்டியில் தமிழ்வழி பயிலும் மாணவர் ஆளுக்கொரு சுவடியுடன் அவர்களிடம் சென்று, சாந்து அரைப்பது முதல் வளைவு கட்டுவது வரை ஒவ்வொரு வேலைக்கும் கருவிக்கும் அவர் சொல்லும் சொல்லைக் கேட்டு எழுதிக் கொள்ளட்டும். அச்சொற்களைக் கொண்டே பாடநூல் அமையட்டும். மாளிகை வாயிலில் வைக்கும் பலகையும் அச்சொற்களாலேயே எழுதப்படட்டும். நவாபின் பெயர் இருக்கும் பலகையில் கடன் கணக்கும், காளையார்கோவிலும், கரணை பிடித்தவனும் இருக்கட்டும். ஒரு கோடை விடுமுறை போதும் இதற்கு. முதியோர் காத்திருக்கப் போவது அதற்குமேல் அதிக நாளில்லை.