கைக்கடிகாரம் காட்டிக் கொடுத்தது

என் கணவருக்கு இதயம் பலவீனம். 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று டாக்டர் சொன்ன அன்று எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. "பயப்படாதீங்கம்மா, இதயம் நின்னு போச்சுன்னு அர்த்தமில்லே. ரத்தத்தைத் தள்ளுற பலம் குறைஞ்சிருக்கு. அதனால உடம்பிலே நீர் தங்கும், கால் வீங்கும், மூச்சு வாங்கும்" என்றார்.

வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். ஆனாலும் மனிதர் பகலெல்லாம் தூங்கி வழிவார். இரவில் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். நடை, தூக்கம், நாடித் துடிப்பு எல்லாவற்றையும் குறித்து வைக்கும் கைக்கடிகாரம் ஒன்றை மகள் வாங்கிக் கட்டிவிட்டாள்.

பத்து நாள் கணக்கைப் பார்த்தால், இரவு பத்துக்கும் இரண்டுக்கும் நடுவே தினமும் நாலு தடவை எழுந்து நடந்திருக்கிறார்!

"ஏங்க, எதுக்கு எழுந்திருக்கிறீங்க?"

"பாத்ரூமுக்குத்தான்."

குடைந்து கேட்டபிறகுதான் உண்மை வந்தது. நீர் பிரிய வைக்கும் மாத்திரையைக் காலையில் போட்டால் கடைத்தெருவில் அவஸ்தை என்று, நான் கொடுத்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாலையில் விழுங்கியிருக்கிறார்!

டாக்டர் கோபிக்கவில்லை. "தூங்கும்போது ரத்த அழுத்தம் இறங்கும், இதயத்துக்கு அதுதான் ஓய்வு. மூளைக்குள்ளேயும் ஒரு கடிகாரம் இருக்கு. காலை வெளிச்சம்தான் அதுக்குச் சாவி கொடுக்கும்" என்றார். பழ ஈக்களை ஆராய்ந்து அந்த உடற்கடிகாரம் ஓடும் விதத்தைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்ததாம்.

இப்போது எங்கள் வீட்டில் எல்லாம் நேரப்படி. ஆறு மணிக்கு எழுவார். சிறுநீர் கழித்துவிட்டு, காப்பிக்கு முன்பே எடை பார்ப்பார். பிறகு வாசலில் இளம் வெயில். எட்டு மணிக்கு மாத்திரை. கடைத்தெரு நடை மாலைக்குப் போய்விட்டது. பகல் தூக்கம் அரைமணிதான். ஏழரைக்கு இரவுச் சாப்பாடு, பத்துக்குப் படுக்கை. இரவில் எழுவது ஒரு தடவையாகக் குறைந்திருக்கிறது.

ஆனால் சகோதரிகளே, கடிகாரத்தையே நம்பி இருந்துவிடாதீர்கள். ஒரு கல்யாணத்தில் அப்பளமும் ஊறுகாயும் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தார். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறிவிட்டது. கடிகாரம் வாயே திறக்கவில்லை; எடை மிஷின்தான் சொன்னது. உடனே டாக்டருக்குப் போன் செய்தோம். மருந்தின் அளவை மாற்றினார். ஆஸ்பத்திரி வாசம் தப்பியது.

எடை திடீரென ஏறினாலும், கால் வீங்கினாலும், படுத்தால் மூச்சுத் திணறித் தலையணையைக் கூட்ட வேண்டியிருந்தாலும் தாமதிக்காதீர்கள். மாத்திரை வேளையை நாமாக மாற்றவும் கூடாது, டாக்டரைக் கேட்டுத்தான்.

இன்னொன்று. இப்போதெல்லாம் அவர் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடிக்கும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகருவதில்லை!