எந்திரிக்க முடியலை, மாப்ளே!

நாற்பது வயதில் ஒருத்தன் ஜிம்முக்குப் போனால் இரண்டே காரணம்தான். ஒன்று காதல். இன்னொன்று சர்க்கரை. நமக்கு இரண்டாவது.

வெறும் வயிற்றில் 116. "பார்டர்ல நிக்கறீங்க. சர்க்கரையை அதிகமா இழுத்துக்கறது தசைதான். அதுக்கு வேலை குடுங்க" என்றார் டாக்டர். எங்கப்பாவுக்கு இதே சர்க்கரையில்தான் கால் கட்டைவிரலை எடுத்தார்கள். அதனால் நான் ஜோக்கடிக்காமல் தலையாட்டினேன்.

வாழப்பாடி கடைவீதியில் மாடி மேல் ஒரு ஜிம். அக்கா பையன்தான் குரு. தோளில் கம்பியை ஏற்றிவிட்டு, "இன்னும் பத்து, மாமா!" என்று உட்கார்ந்து எழ வைத்தான். அன்றைக்கு ராத்திரி நான் அர்னால்ட். மறுநாள் லேசாகப் பிடித்தது. அதற்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது சேதி.

எங்கள் வீட்டுக் கக்கூஸ் அந்தக் காலத்து மாடல். எப்படியோ உட்கார்ந்துவிட்டேன். எழ முடியவில்லை! குழாயைப் பிடித்துப் பார்த்தேன், குலதெய்வத்தைக் கூப்பிட்டுப் பார்த்தேன். வெளியே சம்சாரம், "என்னங்க, பேப்பரா படிக்கறீங்க?"

மாப்ளேயிடம் புலம்பினேன். "ஆன்ட்டி-ஆக்ஸிடன்ட் போடணும் மாமா. வைட்டமின் சி ஆயிரம் மில்லிகிராம், வைட்டமின் ஈ நானூறு யூனிட். தினம் போட்டா வலியே இருக்காது." இரண்டு டப்பா, 1,150 ரூபாய். மளிகை பாக்கியில் கை வைத்தேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். காசு கொடுத்த பிறகுதான் விஷயத்தைப் படிப்பேன். படித்தேன்.

இந்த வலிக்கு லாக்டிக் அமிலம் காரணம் என்று ஊரே சொல்லும். பாவம், அதன் மேல் வீண் பழி. அது ஒரு மணி நேரத்திலேயே பெரும்பாலும் வடிந்துவிடும். வலி உச்சத்துக்கு வருவதோ ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள். தியோடர் ஹஃப் என்கிற அமெரிக்கர் 1902-லேயே விரல் தசையை வேலை வாங்கிப் பார்த்து, தசைக்குள் நுண்ணிய கிழிசல் விழுகிறது என்றார். அதிலும் பாரத்தைத் தூக்குவதைவிட இறக்குவதில்தான் சேதாரம் ஜாஸ்தி. பழனி படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது. மறுநாள் தொடை கெஞ்சுவது இறங்கியதற்கு!

அந்தக் கிழிசலை உடம்பு ரிப்பேர் செய்யும்போது வீக்கமும், ஃப்ரீ ராடிக்கல் என்கிற துடுக்குப் பயல்களும் வருவது நிஜம். அவர்களை அடக்கினால் வலி அடங்கும் என்பது மாத்திரைக் கணக்கு. 2017-ல் காக்ரேன் அமைப்பு 50 ஆராய்ச்சிகளை, 1,089 பேரைச் சேர்த்து வைத்துப் பார்த்தது. வலியில் குறைந்தது ஆளுக்கு உறைக்கிற அளவுக்குக்கூட இல்லை.

சரி, 1,150 ரூபாய் போச்சு, போகட்டும் என்றுதான் நினைத்தேன். அடுத்ததைப் படித்ததும் பகீர் என்றது.

2009-ல் ஜெர்மனியில் மிஷேல் ரிஸ்டோ குழு, இளைஞர்களுக்கு நாலு வாரம் உடற்பயிற்சி கொடுத்தது. பாதிப் பேருக்கு அதே சி ஆயிரம், ஈ நானூறு. மாத்திரை போடாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது. போட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை! அந்தத் துடுக்குப் பயல்கள்தான் 'வேலை வந்திருக்கு, தயாராகு' என்று உடம்புக்கு விசில் அடிக்கிறவர்களாம். கூர்க்கா வாயைப் பொத்திவிட்டு ஊர் பத்திரம் என்றால் எப்படி? அது சின்ன ஆராய்ச்சிதான், எல்லா ஆராய்ச்சியும் அதையே சொல்வதில்லை. ஆனாலும் எந்தச் சர்க்கரைக்காக நான் குழாயைப் பிடித்துத் தொங்கினேனோ, அதற்கே வேட்டு வைக்கிற மாத்திரையை நானே காசு கொடுத்து வாங்கணுமா?

சாயங்காலம் மண்டி வாசலில் மரவள்ளி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அண்ணனிடம் கேட்டேன். "அண்ணே, உங்களுக்கு உடம்பு வலிக்காதா?"

"சேர்ந்த புதுசுல ஒரு வாரம் உசுரு போச்சுங்க சார். மூட்டையைக் கொறைச்சுத் தூக்குனேன், விடாமத் தூக்குனேன். அப்புறம் பழகிப் போச்சு."

இதையேதான் விஞ்ஞானிகளும் சொல்கிறார்கள். ஒரு தரம் வலி பட்ட தசை, அதே வேலைக்கு அடுத்த தரம் அவ்வளவு அழாது. கொஞ்சமாக ஆரம்பி, விட்டுவிடாதே. அவ்வளவுதான் வைத்தியம்!

ஒரு எச்சரிக்கை. வலியோடு சிறுநீர் காப்பிக் கலரில் போனாலோ, நெஞ்சைப் பிடித்தாலோ, அது வேறு கதை. உடனே டாக்டர்.

வைட்டமின் சி வேண்டாமென்று சொல்லவில்லை. ஆம்பளைக்கு நாளைக்கு 80 மில்லிகிராம் போதும் என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ஒரு கொய்யாப்பழம் அதைத் தாண்டிவிடும். பக்கத்துத் தகடூர் அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்தான். டப்பா கொடுக்கவில்லை.

இப்போது மூணு வாரம் ஆச்சு. டப்பா ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. அடுத்த மாசம் ரத்தம் கொடுக்கணும். 116 இறங்குகிறதா பார்க்கணும். இன்று காலை மறுபடி கதவு தட்டல்.

"என்னங்க, எந்திரிக்க முடியலையா?"

"சும்மா இரு. நிஜமாவே பேப்பர்தான் படிக்கறேன்!"